ஆப்டோமெட்ரி படிக்கப் போகும் பிள்ளைக்கு என்னென்ன திறமை வேண்டும்? மதுரைப் பக்கம் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

நாலுவழிச்சாலை | மேலூர்

வணக்கம். என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கண் பவர் பார்த்துக் கண்ணாடி எழுதும் ஆப்டோமெட்ரிதான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். கல்லூரி எது, கட்டணம் எவ்வளவு, கவுன்சலிங் எப்போது என்பதெல்லாம் விசாரித்துவிட்டேன். அதை இங்கே கேட்கவில்லை.

இந்த வேலைக்கு எப்படிப்பட்ட பிள்ளை பொருந்தும் என்பதுதான் என் கேள்வி. நான் பார்த்த வரை இருட்டறையில் உட்கார வைத்து, லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்கிறார்கள். அதற்கு நாலு வருடம் எதற்கு என்று எனக்கே புரியவில்லை. சொந்தத்தில் ஒருவர், "டிகிரி வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் துடைக்கவா" என்று பிள்ளை முன்னாலேயே கேட்டுவிட்டார்.

அவள் அதிகம் பேச மாட்டாள். கணக்கு சுமார். அவளே மைனஸ் 5 பவர் கண்ணாடி போட்டிருக்கிறாள். இதில் எது இடிக்கும்?

நியூட்ரல்பாயிண்ட் | மருத்துவமனை ஆப்டோமெட்ரிஸ்ட், கே.கே.நகர்

மைனஸ் 5 தடையே இல்லை ஐயா. கண்ணாடி போட்ட பிறகு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தால் போதும். இரண்டு கண்ணும் என்று சொல்லக் காரணம் உண்டு. ரெட்டினாஸ்கோப்பி செய்யும்போது நோயாளியின் வலது கண்ணை நம் வலது கண்ணாலும், இடது கண்ணை இடது கண்ணாலும் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் முதல் திறமையே அந்த ரெட்டினாஸ்கோப்பிதான். கையில் பிடிக்கும் சின்னக் கருவி, அதிலிருந்து கோடாக ஒரு வெளிச்சம் வரும். இருட்டில் அதை நோயாளியின் கண்ணுக்குள் அடித்து மெல்ல அசைத்தால், கண்மணிக்குள் சிவந்த ஒளி ஒன்று நகர்வது தெரியும். நாம் அசைக்கும் பக்கமே அதுவும் போனால் பிளஸ் லென்ஸ் சேர்க்க வேண்டும், எதிர்ப்பக்கம் போனால் மைனஸ். சேர்த்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் நகர்வு நின்று கண்மணி முழுக்க ஒரேயடியாக ஒளிரும். அதுதான் நியூட்ரல். நாம் 67 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தால் அந்த லென்சிலிருந்து 1.50 கழிக்க வேண்டும். 50 செ.மீ. என்றால் 2.00. அதாவது +2.50இல் நியூட்ரல் வந்தால், 67 செ.மீ. தூரத்தில் உண்மையான பவர் +1.00.

எழுதினால் இவ்வளவுதான். கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் மட்டும் கூடுதலாக இருக்கும் பவர், உள்ள கண்ணில் அந்த ஒளி சாய்ந்து நகரும், கண்புரை இருந்தால் மங்கும், குழந்தை என்றால் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். நோயாளி ஒரு வார்த்தை பேசாமலே அவருடைய பவரைக் கண்டுபிடிக்கும் முறை இது. பேசத் தெரியாத ஒன்றரை வயதுக் குழந்தைக்கும், பக்கவாதத்தில் பேச்சு போன தாத்தாவுக்கும் வேறு எப்படிப் பார்ப்பீர்கள்?

ஆகவே பொறுமையும், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சலிக்காத மனமும் உங்கள் மகளுக்கு உண்டா என்று பாருங்கள். பேச்சு அப்புறம்.

ஃப்ரேம்கடை | டவுன் ஹால் ரோடு பக்கம்

சார் சொல்வது ஆஸ்பத்திரிக்குச் சரி. கடைக்கு வேறு கணக்கு. என் கடையில் ஆட்டோ ரெஃப் இருக்கிறது, பவரைத் தானே அளக்கும் மெஷின். தாடையை வைத்தால் நம்பர் வந்துவிடும். ரெட்டினாஸ்கோப்பை இப்போது யார் தொடுகிறார்கள்?

வேலைக்கு வரும் பட்டதாரிகளில் பலருக்கு ஃபிட்டிங் தெரியவில்லை. அதுதான் என் குறை. நம்பர் சரியாக இருக்கும், ஆனால் லென்சின் மையம் கண்மணிக்கு நேராக உட்காராது. 4 பவர் லென்சில் மையம் 5 மி.மீ. தள்ளினால் 2 பிரிசம் விளைவு வந்துவிடும், அதாவது பார்க்கும் பொருள் இடம் தள்ளித் தெரியும். இரண்டு கண்ணிலும் அப்படி ஆனால் அந்த ஆள் ஒரு வாரத்தில் தலைவலி என்று திரும்பி வருவார். தூரமும் கிட்டமும் கோடில்லாமல் ஒரே லென்சில் தெரியும் புரோகிரசிவ் லென்சுக்கு ஃப்ரேமை முதலில் முகத்துக்கு வளைத்துச் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் உயரம் குறிக்க வேண்டும். ஃப்ரேம் சரியும் நிலையிலேயே குறித்தால் எல்லாம் வீண். மூக்கு, காது, கன்னம் பார்த்து ஃப்ரேம் தேர்வு செய்து கொடுப்பதும் திறமைதான். அதைப் போய் ஃப்ரேம் துடைப்பது என்கிறார்கள்.

நியூட்ரல்பாயிண்ட்

> ரெட்டினாஸ்கோப்பை இப்போது யார் தொடுகிறார்கள்?

நாங்கள் தொடுகிறோம் அண்ணே. ஃபிட்டிங் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆட்டோ ரெஃப் விஷயத்தில் மட்டும் இல்லை.

எட்டு வயதுப் பையன் அந்த மெஷினுக்குள் பார்க்கும்போது, உள்ளே தெரியும் படம் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் கண்ணை இறுக்குவான். மெஷின் மைனஸ் 1 என்று அச்சடித்துக் கொடுக்கும். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் இருக்கும் தசையைத் தளர்த்திவிட்டு ரெட்டினாஸ்கோப்பில் பார்த்தால் பிளஸ் வரலாம். அந்தப் பையனுக்கு மைனஸ் கண்ணாடி மாட்டிவிட்டால் என்ன ஆகும்? கருவிழி கூம்பு வடிவமாகும் கெரட்டோகோனஸ் கண்ணிலும், புரை முற்றிய கண்ணிலும் மெஷின் "எரர்" காட்டும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு நம்பரைத் தரும். ஏதோ ஒரு நம்பர் வருவதுதான் எரரைவிட ஆபத்து.

மெஷின் நம்பர் தொடக்கப் புள்ளி. அதிலிருந்து அந்த மனிதருக்கு வந்து சேர்வதுதான் வேலை.

உசிலை ஓய்வு | ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன்

இருவரும் லென்சைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் லென்ஸ் இரண்டாவது. முதலாவது, யாரைக் கண்ணாடி எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம், யாரை அன்றைக்கே பஸ் ஏற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவது.

சில உதாரணம் சொல்கிறேன், பாப்பாவுக்குப் பயன்படும்.

அறுபத்தைந்து வயதுத் தாத்தா வருவார். "எனக்குக் கண்ணாடியே வேண்டாம் தம்பி, இப்போதெல்லாம் தினத்தந்தியை வெறுங்கண்ணால் படிக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்வார். சந்தோஷப்படக் கூடாது. கண்புரை லென்சின் நடுவில் இறுகும்போது கண் மைனஸ் பக்கம் நகரும். கிட்டத்தில் தெரியும், தூரம் போய்விடும். "டீக்கடை போர்டு தெரிகிறதா" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

ஒரு அம்மா வருவார். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த கண்ணாடி சரியில்லை என்பார். பவர் பார்த்தால் நிஜமாகவே மாறியிருக்கும். உடனே புதுக் கண்ணாடி எழுதுபவர் பாதி வேலைதான் செய்கிறார். தாகம் அதிகமா, இரவில் எத்தனை தடவை எழுந்து போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் கண் லென்சின் பவரும் கூடக் குறைய ஆகும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் நிலைத்த பிறகு பார்த்தால்தான் அந்தப் பவருக்கு அர்த்தம் உண்டு. கண் பார்க்க வந்த இடத்தில் சர்க்கரை நோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்படுவது எங்கள் பக்கம் சாதாரணம்.

அறுவடைக் காலத்தில் நெல் சுணை, கரும்புத் தோகை, சோளத்தட்டை கண்ணில் அடித்துவிட்டது என்று வருவார்கள். மெடிக்கல் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து விட்டிருப்பார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் விவகாரம். செடி கொடி பட்ட காயத்தில் பூஞ்சைக் கிருமி கருவிழியில் புண் வைக்கும், ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். எந்த மருந்து விட்டீர்கள், பாட்டிலைக் கொண்டு வாருங்கள் என்று கேட்பது ஒரு திறமை. சிலர் தாய்ப்பால், விளக்கெண்ணெய் விட்டிருப்பார்கள். அதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லவே மாட்டார்கள்.

கண் சிவந்து, ஒருபக்கத் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் என்றால் கண் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு வருவார்கள். அங்கே பவர் செக் பண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை.

மருந்து எழுதுவதும் அறுவை செய்வதும் நம் வேலை இல்லை. ஆனால் அது வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்வது நம் வேலை.

தறிச்சத்தம் | செல்லூர்

நான் தொழிலில் இல்லை, கண்ணைக் காட்டப் போகிறவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் அப்பா கைத்தறி நெய்தவர். நாற்பத்தைந்து வயதில் வெள்ளெழுத்து வந்ததும் ஒரு கடையில் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். பேப்பர் படித்தால் எழுத்து பளிச்சென்று தெரியும். தறியில் உட்கார்ந்தால் அறுந்த இழை தெரியாது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுத்தான் இழை முடிவார். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பவர் சரியாகத்தான் இருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள்" என்றார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு கண் முகாமில் ஒரு பொண்ணு, "தறிக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம், கையை நீட்டிக் காட்டுங்கள் ஐயா" என்று கேட்டு வேறு பவர் எழுதிக் கொடுத்தது. கடைசி வரை அந்தக் கண்ணாடியில்தான் நெய்தார்.

நியூட்ரல்பாயிண்ட்

செல்லூர் அண்ணன் சொன்னதில் ஒரு பாடமே இருக்கிறது. சாதாரணமாகப் படிக்கும் தூரம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறோம். ஒன்றை 0.40ஆல் வகுத்தால் 2.50, அவ்வளவு பவர் அந்தத் தூரத்துக்குத் தேவை. தறி 60 செ.மீ. தள்ளி இருந்தால் தேவை 1.67தான். 2.50க்குக் கட்டிய கண்ணாடியில் தறி மங்கத்தான் செய்யும், வயது கூடக் கூட இன்னும் மங்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தெற்கு ஆவணி மூல வீதியில் கல் பதிக்கும் ஆசாரி 25 செ.மீ. தூரத்தில் குனிந்து வேலை பார்ப்பார். அவருக்கு 4.00 வேண்டும். சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடும் அக்காக்கள் மடியில் துணியை வைத்திருப்பார்கள், அது இன்னொரு தூரம். பஸ் ஓட்டுநருக்கு ரோடும் தெரிய வேண்டும், டேஷ்போர்டும் தெரிய வேண்டும். வயதானவர்கள் மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்துக்குமான பைஃபோகலைப் போட்டுக்கொண்டு படி இறங்கினால் கீழ்ப்பாதி வழியாகப் படியைப் பார்த்து, படி மங்கி, கால் தவறும். அதனால் வீட்டில் மாடிப்படி உண்டா என்றும் கேட்க வேண்டும்.

என் மேஜையில் ஒரு டெய்லர் டேப் எப்போதும் கிடக்கும். என்ன வேலை, எவ்வளவு தூரம் என்று கேட்காமல் வெள்ளெழுத்துக் கண்ணாடி எழுதவே கூடாது.

மூன்றாம்வருடம் | மாணவி

அங்கிள், கணக்கும் கூச்சமும் பற்றி நான் சொல்கிறேன். நானும் அதே பயத்தில்தான் சேர்ந்தேன்.

முதல் வருடம் உடற்கூறு, உடலியங்கியல், ஒளியியல். ஒளியியலில் கதிர் வரைபடமும் ஒன்றின் கீழ் தூரம் என்ற வகுத்தலும் திரும்பத் திரும்ப வரும். கால்குலஸ் எல்லாம் தினசரி வேலைக்கு வராது. கூட்டல் கழித்தலில் குறியைத் தவற விடாமல் இருப்பதுதான் முக்கியம். ஸ்பியர் என்பது எல்லாத் திசைக்கும் பொதுவான பவர், ஆக்சிஸ் என்பது சிலிண்டர் நிற்கும் கோணம். +1.00 ஸ்பியர், −2.00 சிலிண்டர், ஆக்சிஸ் 90 என்பதையே −1.00 ஸ்பியர், +2.00 சிலிண்டர், ஆக்சிஸ் 180 என்றும் எழுதலாம். இரண்டும் ஒரே லென்ஸ். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டி, சிலிண்டர் குறியைத் திருப்பி, ஆக்சிசை 90 டிகிரி மாற்ற வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் வரிசையில் பலர் காத்திருக்கும்போது மனக்கணக்காக வர வேண்டும்.

பேச்சு விஷயத்தில் எங்கள் வகுப்பில் ரொம்பப் பேசுகிறவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள். நோயாளி பதில் சொல்வதற்குள் அவர்களே, "இது நல்லா இருக்குல்ல?" என்று வாயில் போட்டுவிடுவார்கள். நம் ஊர்க்காரர்கள் டாக்டர் மனம் நோகக் கூடாதென்று ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கேள்வியைச் சின்னதாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அது இயல்பாகவே வரும் போலிருக்கிறது.

இன்னொன்று. கிராஸ் சிலிண்டர் என்று ஒரு லென்சைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "முதலாவதா, இரண்டாவதா" என்று கேட்போம். "ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு" என்று பாட்டி சொன்னால் புது மாணவர்களுக்கு எரிச்சல் வரும். அந்தப் பதிலுக்காகத்தானே அவ்வளவு நேரம் கேட்டோம்! இரண்டும் ஒன்றாகத் தெரியும் இடம்தான் நமக்கு வேண்டிய இடம்.

குழந்தைகளில் சிலர் கண்ணாடி ஆசையில் தெரியவில்லை என்று நடிப்பார்கள். +2.00 போட்டு, அதன் மேல் −2.00 போட்டு, "இப்போது சூப்பர் லென்ஸ் போட்டிருக்கிறேன், படி" என்றால் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள். பவர் கூட்டிப் பார்த்தால் பூஜ்யம்.

கால் வலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நாள் முழுக்க நின்று, குனிந்து, இருட்டறைக்கும் வெளிச்சத்துக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நல்ல செருப்பு முக்கியம்.

வரவுசெலவு | திருமங்கலம்

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கசப்பான கேள்வி ஒன்று. அரவிந்த் கண் மருத்துவமனையில் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பவர் பார்ப்பது முதல் பல வேலைகளை அவர்களிடமே கொடுக்கிறார்கள். மதுரைக்கே தெரிந்த விஷயம். அப்படியிருக்க நாலு வருடம் படித்த பிள்ளைக்குக் கூடுதலாக என்ன இருக்கிறது? ஆரம்பச் சம்பளமும் பெரிதாக இல்லை. பெரிய சங்கிலிக் கடைகளில் இலக்கு வைத்து லென்ஸ் விற்கச் சொல்கிறார்கள் என்று என் தங்கை மகனே சொல்கிறான்.

உசிலை ஓய்வு

நியாயமான கேள்வி. அந்தப் பெண்களைக் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு வேலையை ஒருவர் திரும்பத் திரும்பச் செய்யும் முறை அது, அவர்கள் கை வேகம் பலருக்கு வராது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றுப் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்த இடம் இவ்வளவு பெரிதானதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே மனிதர் முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் பயிற்சி எடுத்துக் கண் அறுவை செய்தவர். கையில் நடுக்கம், விரல் குட்டை என்று பாப்பாவை யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

டிகிரியின் வித்தியாசம் பவர் பார்ப்பதில் இல்லை. பவரைத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. மாறுகண், சோம்பேறிக் கண்ணுக்குப் பயிற்சி, கெரட்டோகோனசுக்குக் கடின கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, கண்ணாடி போட்டும் தெரியாதவர்களுக்குக் குறைபார்வைக் கருவிகள், விழித்திரைப் படத்தைப் படிப்பது, கண்புரை அறுவைக்கு முன் உள்லென்ஸ் பவர் அளப்பது. குழந்தைக்கு ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்து, ஏழு எட்டு வயதுக்குள் கவனிக்காமல் விட்டால் பிறகு சரிசெய்வது கடினம். நல்ல கண்ணை மூடி வைத்து மங்கிய கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். பிள்ளை ஒட்டுத்துணியைப் பிய்த்துப் போடும், பாட்டி "ஏன் நல்ல கண்ணை மூடுகிறீர்கள்" என்று சண்டைக்கு வருவார். அங்கே நிற்கத் தெரிய வேண்டும்.

சட்டம் என்று பார்த்தால், 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் ஆப்டோமெட்ரிஸ்ட்டும் வருகிறார். பதிவு, படிப்பின் தரம் எல்லாம் அதன் கீழ்.

நியூட்ரல்பாயிண்ட்

சம்பளம் பற்றி வரவுசெலவு சொன்னது பொய்யில்லை. முதல் இரண்டு மூன்று வருடம் இறுக்கம்தான். நான் பார்த்த வரை ஏறியவர்கள் ஏதாவது ஒரு பிரிவில் இறங்கினவர்கள்: கான்டாக்ட் லென்ஸ், குழந்தைகள் கண், குறைபார்வை. சிலர் எம்.ஆப்டம் என்ற மேற்படிப்பு முடித்துச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். வளைகுடா போனவர்கள் அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு எழுதிப் போனார்கள். அமெரிக்கா என்றால் அங்கே தனிப் பட்டமே படிக்க வேண்டும், நம் டிகிரி நேராகச் செல்லாது. இங்கேயே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மலையாளம் தெரிந்தால் நல்லது. இடுக்கிப் பக்கத்திலிருந்து நிறைய பேர் மதுரைக்குத்தான் வருகிறார்கள்.

ஃப்ரேம்கடை

இலக்கு வைத்து விற்பது என்றதும் எல்லாக் கடைக்காரனையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். வாடகை, லென்ஸ் கம்பெனி பாக்கி, ஆள் சம்பளம் எல்லாம் எங்களுக்கும் உண்டு. வாடிக்கையாளரே, "போன் பார்க்கிறேன், நீல ஒளியைத் தடுக்கும் புளூ கட் லென்ஸ் போடுங்கள்" என்று கேட்டு வருகிறார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பவா?

மூன்றாம்வருடம்

சொல்லி அனுப்ப வேண்டாம் அண்ணா, உண்மையைச் சொல்லிவிட்டு விற்கலாம். 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழு 17 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. சாதாரண லென்சோடு ஒப்பிட்டால் புளூ கட் லென்ஸ் கம்ப்யூட்டரால் வரும் கண் சோர்வைக் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு. அதை "கண்ணைக் காப்பாற்றும்" என்று சொல்லி விற்பதுதான் தப்பு. கண் சோர்வு என்று வருகிறவருக்கு நிஜத்தில் சின்னச் சிலிண்டர் பவர் விட்டுப் போயிருக்கலாம், கண் உலர்ந்திருக்கலாம், இரண்டு கண்ணும் சேர்ந்து குவிவதில் பலவீனம் இருக்கலாம். அதைச் சோதிக்காமல் லென்சை விற்றால் அவர் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

ஃப்ரேம்கடை

பாப்பா, நீ படித்து முடித்ததும் என் கடைக்கு வா. ஆனால் முதல் மாதமே இப்படிப் பேசினால் கல்லா காலி.

மூன்றாம்வருடம்

வருகிறேன். ரெட்டினாஸ்கோப் வாங்கி வையுங்கள்.

ஆரப்பாளையம்

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் அம்மாவுக்கு 58 வயது. சின்ன வயதிலிருந்தே மைனஸ் பவர், தடிமனான லென்ஸ். நேற்று முதல் வலது கண்ணில் கொசு பறக்கிற மாதிரி புள்ளிகள், ஓரத்தில் மின்னல் வெட்டுவது போலத் தெரிகிறதாம். கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார். நல்ல புரோகிரசிவ் லென்ஸ் என்ன விலை வரும்? பொங்கல் கழித்து மாற்றலாமா?

உசிலை ஓய்வு

தம்பி, கண்ணாடியை மறந்துவிடுங்கள். இன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். விழித்திரை மருத்துவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். திடீரென்று புள்ளியும் மின்னலும் சேர்ந்து வந்தால், அதுவும் மைனஸ் பவர் அதிகமுள்ள கண்ணில், விழித்திரையில் கிழிசல் இருக்கலாம். எல்லோருக்கும் இருக்காது. ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. பக்கவாட்டில் கறுப்புத் திரை இறங்குகிறதா என்றும் அம்மாவிடம் கேளுங்கள்.

நியூட்ரல்பாயிண்ட்

ஐயா சொன்னதேதான். மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். போய் வந்து எழுதுங்கள்.

வரவுசெலவு

விலை கேட்க வந்தவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டீர்கள். சரி, நாலு வருடம் எதற்கு என்று கேட்டதை வாபஸ் வாங்கவில்லை, கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

ஆரப்பாளையம்

போய்விட்டு வந்தோம். மேல் ஓரத்தில் சின்னக் கிழிசலாம். விழித்திரை இன்னும் பிரியவில்லை. கிழிசலைச் சுற்றி லேசர் வைத்தார்கள். மறுபடி வரச் சொல்லித் தேதி கொடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

நாலுவழிச்சாலை

இரண்டு நாளாக மகளும் நானும் சேர்ந்து படிக்கிறோம். ரெட்டினாஸ்கோப்பி பகுதியைப் படித்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு தம்பி கண்ணில் அடித்துப் பார்த்தாள். அவன் ஓடிவிட்டான். சேர்வதற்கு முன் இந்த வேலையை ஒரு தடவை நேரில் பார்க்க வழி உண்டா?

மூன்றாம்வருடம்

டார்ச்சில் தெரியாது அங்கிள், அதற்கு நடுவில் துளையுள்ள கண்ணாடி வேண்டும். தம்பியை விட்டுவிடச் சொல்லுங்கள்.

உசிலை ஓய்வு

கண் முகாம் நடக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். உங்கள் பக்கம் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். நடத்தும் சங்கத்துக்காரர்களிடம் தன்னார்வலராக வருகிறேன் என்று சொன்னால் மறுக்கமாட்டார்கள். பெயர் எழுதுவது, வரிசையில் உட்கார வைப்பது, பார்வைப் பலகைக்கு ஆறு மீட்டர் தூரத்தில் நாற்காலி போடுவது, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்லிக்கொடுப்பது. இவ்வளவு செய்தால் போதும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஆங்கில E எழுத்துப் பலகை வைத்திருப்பார்கள், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் விரலைக் காட்ட வேண்டும். பின்னால் நிற்பவர் முன்னால் இருப்பவர் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார், அதைக் கண்டுபிடிக்கிறாளா என்று பாருங்கள்.

காலை ஏழு மணிக்கே கூட்டம் வந்துவிடும். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

நாலுவழிச்சாலை

சரிங்க ஐயா. அடுத்த ஞாயிறு கொட்டாம்பட்டிப் பக்கம் ஒன்று இருக்கிறதாம். முதல் பஸ்ஸில் நானே கூட்டிப் போகிறேன். எனக்கும் வெள்ளெழுத்து, காட்டிவிட்டு வருகிறேன்.

நியூட்ரல்பாயிண்ட்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள் ஐயா.